கேமரன் மலையில் அறை பிடிக்கும் முன்

மலேசியா போகிறவர்கள் பலரும் கோலாலம்பூர், பத்து மலை எல்லாம் பார்த்துவிட்டுக் கையோடு கேமரன் மலைக்கும் ஏறிவிடுகிறார்கள். போங்கள், நல்ல ஊர்தான். ஆனால் அங்குள்ள பிரிஞ்சாங் என்ற ஊர்ப் பக்கம் ‘ரிசார்ட்’ என்ற பெயரில் இணையத்தில் அறை பிடிப்பதாக இருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இங்கிலாந்துக் கிராமத்துப் பாணியில் கறுப்பு மரச்சட்டம் போட்ட வெள்ளைக் கட்டடம், பால்கனிக்கு எதிரே தேயிலைச் சரிவு, காலை உணவு இலவசம் என்று விளம்பரம் சொன்னது. கட்டடம் படத்தில் இருந்ததேதான், அதில் பொய் இல்லை. உள்ளே போனால் வரவேற்பு மேசையில் எங்கள் பெயரே இல்லை. அந்த வளாகத்தில் பல வீடுகள் தனியாருக்குச் சொந்தமாம். வாங்கிப் போட்டவர்கள் அவரவர் பாட்டுக்கு அதே ரிசார்ட் பெயரில் வாடகைக்கு விடுகிறார்கள். வரவேற்புக்கும் உணவகத்துக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. காலை உணவைப் பற்றிக் கேட்டதற்கு, பணியிலிருந்த பெண் பரிதாபமாகச் சிரித்தார். எங்களைப் போல நிறையப் பேரைப் பார்த்திருப்பார் போலும்.

தூறலில் அம்மாவை நிற்க வைத்துக்கொண்டு பலமுறை தொலைபேசியில் கூப்பிட்ட பிறகு, ஓர் ஆள் மோட்டார் சைக்கிளில் சாவி கொண்டுவந்தார். கதவைத் திறந்ததுமே பூஞ்சை நாற்றம் முகத்தில் அடித்தது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஆண்டு முழுவதும் மழை பெய்கிற ஊரில், ஆள் வராத நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிற வீடு வேறு எப்படி இருக்கும்? அலமாரியின் உட்பக்கம் சாம்பல் நிறத்தில் படலம் படர்ந்திருந்தது. கம்பளியைக் கையில் எடுத்தால் பிழியலாம் போல ஈரம். ஆஸ்துமா உள்ள அம்மா இரவு முழுவதும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார்.

பால்கனிக்கு எதிரே தேயிலைக்குப் பதிலாகக் காய்கறித் தோட்டங்களை மூடிய பிளாஸ்டிக் கூரைகள்தான் அடுக்கடுக்காகத் தெரிந்தன. இந்த மலையில் பல சரிவுகள் இன்று அப்படித்தான் இருக்கின்றன. விளம்பரத்தில் வந்த சரிவை மறுநாள் நேரிலேயே பார்த்தோம். அது 1929இல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டம்! அதே வளைவு, அதே கொட்டகை. யாருடைய தோட்டத்தையோ காட்டித் தங்கள் அறையை விற்றிருக்கிறார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னைக் கொதிக்க வைத்தது சுற்றுலா வரி. வெளிநாட்டுப் பயணிகளிடம் மலேசியா 2017 முதல் இந்த வரியை வாங்குகிறது, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். சாவி கொடுத்த ஆள், ஆளுக்கு 10 என்று எங்கள் நால்வருக்கும் 40 வாங்கினார், அதுவும் ஒவ்வோர் இரவுக்கும். ரசீது பிறகு வரும் என்றார். பக்கத்து ஊரான தானா ராத்தாவில் தோசைக்கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர்தான், “ஐயா, அது தலைக்கு இல்லை, அறைக்கு. ரசீதைக் கேட்டு வாங்குங்கள்” என்றார். கேட்டேன். அதுவரை சரளமாக ஆங்கிலம் பேசியவருக்கு அந்த நிமிடத்திலிருந்து ஆங்கிலம் மறந்துபோனது.

கிளம்பும்போது முன்பணம் 200 ரிங்கிட்டில் 80ஐப் பிடித்துக்கொண்டார். துண்டில் ஸ்ட்ராபெரி கறையாம். என் மகன் ஸ்ட்ராபெரி தின்றான், மறுக்கவில்லை. ஆனால் அவர் விரித்துக் காட்டிய துண்டில் இருந்தது பழுப்பேறிய பழைய துருக்கறை. தாப்பா வழியாக மலையிறங்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவருக்கும் அது தெரியும்.

போகிறவர்கள் பணம் கட்டும் முன் ரிசார்ட்டின் வரவேற்பு எண்ணுக்கு நேரடியாகப் பேசி, உங்கள் முன்பதிவு அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். விளம்பரத்தில் ‘அபார்ட்மெண்ட்’, ‘யூனிட்’ என்று எங்காவது சிறிய எழுத்தில் இருந்தால் உஷாராகுங்கள். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், பிரிஞ்சாங் சாலையில் கார்கள் நகராது. அறைக்குள் நுழைந்ததும் துண்டு, மெத்தை, அலமாரி எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள்.

நாங்கள் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் முன்பதிவுத் தளம் அறை வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. வரிக்கும் கறைக்கும் ரொக்கமாகக் கொடுத்ததற்கு என்ன சான்று என்று கேட்கிறார்கள். ரசீதுக்காக அந்த ஆளுக்கு இன்னும் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.