காலிக்கா: பிரெஞ்சு இலக்கியமும் பாலியலும் ஆராய்பவர்களுக்கு எவ்வளவு உதவும்?

பிரெஞ்சு இலக்கியத்தில் பாலியல் பற்றி ஆராய்வதையே தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள், பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா இணைய நூலகத்துக்குள் நுழையாமல் இருக்கவே முடியாது. 1997இல் தொடங்கியது. காசு கிடையாது, கணக்கு தொடங்காமலே படிக்கலாம்.

ஒழுக்கக்கேடானவை என்று முத்திரை குத்திய புத்தகங்களை 19ஆம் நூற்றாண்டில் தேசிய நூலகம் தனியாகப் பூட்டிவைத்து, அந்தப் பிரிவுக்கு 'நரகம்' என்றே பெயரும் வைத்திருந்தது. அதில் பலவற்றை இன்று வீட்டிலிருந்தே படிக்கலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட்டின் நோட்டுப் புத்தகங்கள். ஓரத்தில் இடம் போதாமல் அவர் ஒட்டிச்சேர்த்த காகிதத் துண்டுகள், அடித்துத் திருத்திய வரிகள் எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்க்கலாம், ஒரு வாக்கியத்தை எழுதி, பயந்து, மறுபடி எழுதினாரோ என்றுகூடத் தோன்றும் (அது என் கற்பனை, ஆய்வுக் கட்டுரையில் போட்டுவிடாதீர்கள்).

சரி, தேடல் வசதிக்கு வருவோம். இங்கேதான் தலைவலி. 18ஆம் நூற்றாண்டு அச்சில் சொல்லின் நடுவே வரும் 'எஸ்' பார்ப்பதற்கு 'எஃப்' மாதிரியே இருக்கும், பக்கப் படங்களை எழுத்தாக மாற்றிய கணினியும் பல இடங்களில் அப்படியே படித்துவைத்திருக்கிறது, அதனால் சரியான எழுத்துக்கூட்டலில் தேடினால் ஒன்றும் அகப்படாமல், தப்பும் தவறுமாகத் தேடும்போது புதையல் கிடைக்கும். அப்புறம் இன்னொன்று. இன்றைய கலைச்சொற்களை வைத்துத் தேடிப் பயனில்லை. அந்தக் காலத்து மருத்துவர்களும் நீதிபதிகளும் புழங்கிய வசைச்சொற்களைத் தெரிந்துகொண்டு தேட வேண்டும். புதிதாக வரும் மாணவர்களுக்கு இதை யாராவது முதல் நாளே சொல்லிவிட்டால் புண்ணியம்.

பெரிய குறை பதிப்புரிமை. எழுத்தாளர் இறந்து 70 ஆண்டு கழிந்தால்தான் பொதுவாக நூல் பொதுவெளிக்கு வரும். 1954இல் இறந்த பிரெஞ்சு எழுத்தாளர் கொலெத் 2025இல்தான் விடுபட்டார். 1972இல் இறந்த வியோலெத் லெதுக், 1986இல் இறந்த ழான் ழெனே என்ற எழுத்தாளர்கள் இருவரும் இன்னும் பல ஆண்டு வேலிக்குள்தான். உரிமை முடியாத ஆவணங்கள் சில கணினியில் ஏற்றப்பட்டிருந்தாலும் நூலகத்தின் வாசிப்பு அறையில் உட்கார்ந்துதான் பார்க்க முடியும். பாரிஸ் போகப் பயணப்படி கிடைக்கும் பேராசிரியருக்கு இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். நிரந்தர வேலை இல்லாத இளம் ஆய்வாளருக்கோ தலைப்பையே மாற்ற வைக்கும் விஷயம். எது இலவசமாகக் கிடைக்கிறதோ அதைப் பற்றியே எல்லோரும் எழுதினால் துறை எப்படி வளரும்?

இவ்வளவு திட்டினாலும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். படங்களை விற்பனைக்கு வரும் புத்தகத்தில் போடுவதாக இருந்தால் மட்டும் பயன்பாட்டு விதிகளை முதலிலேயே படித்துவிடுங்கள்.