பால் கக்கும் குழந்தைக்குச் சாய்வுப் படுக்கை வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

நேற்று மாலைதான் அந்தப் படுக்கையை எனக்கு விற்ற சமூக வலைத்தளப் பக்கத்துக்காரர் என்னை பிளாக் செய்தார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'போனது போகட்டும்' என்று நானே விட்டுவிடுவேன். போனது கொஞ்சமில்லை, அரை மாதச் சம்பளம்.

பாப்பாவுக்கு ஒன்பது வாரம். குடித்த பால் ஒவ்வொரு முறையும் திரும்பி வரும். சில நேரம் கடைவாயில் ஒழுகும், சில நேரம் என் தோளும் முதுகும் நனையும். புளித்த பால் வாடை என் தலைமுடியிலேயே குடியேறிவிட்டது. கீழே கிடத்தினால் நெளிவாள், முகம் சிவந்து வீறிடுவாள். தோளில் போட்டால் தூங்கிவிடுவாள். அதனால் ராத்திரி முழுக்கத் தோள்தான். அந்த நிலையில் இருக்கும் ஒருத்தியிடம் எதை வேண்டுமானாலும் விற்றுவிடலாம்.

பெயர் சொல்லப் போவதில்லை. சமூக வலைத்தளத்தில் குழந்தைப் பொருட்கள் விற்கும் ஒரு பக்கம், அவ்வளவுதான். 'எதுக்களிப்புக்கு நிரந்தரத் தீர்வு' என்று விளம்பரம். முப்பது டிகிரி சரிவு, நடுவில் இடுப்புப் பட்டை, 'மருத்துவர்கள் பரிந்துரைப்பது' என்று ஒரு முத்திரை. எந்த மருத்துவர் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அடியில் சிவப்பு எழுத்தில் 'இன்னும் 3 மட்டுமே உள்ளன'.

ஒரு கேள்வி மட்டும் அனுப்பிவிட்டுப் போனை வைத்தேன். மணி இரண்டே முக்கால். இரண்டு நிமிடத்தில் குரல் பதிவு வந்தது. "அழாதீங்க சிஸ்டர். நானும் ரெண்டு பிள்ளை பெத்தவதான். என் சின்னவனும் இப்படித்தான் கக்கிக்கிட்டே இருந்தான், இந்த படுக்கையிலதான் முதல் தடவையா நாலு மணி நேரம் தூங்கினான்." நான் அழுவதாக எங்கேயும் எழுதவே இல்லை. ஆனால் அழுதுகொண்டுதான் இருந்தேன். அந்த நேரத்தில் உலகத்தில் விழித்திருந்து என்னோடு பேசிய ஒரே ஆள் அவர். அங்கேதான் விழுந்தேன்.

"தளத்து வழியா கட்டினா கமிஷன் போகுது சிஸ்டர், நேரா அனுப்பிடுங்க, கொஞ்சம் குறைச்சு தர்றேன்" என்றார். குறைத்த பிறகுதான் அது அரை மாதச் சம்பளம். என் கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாப்பாவைப் பார்த்தார், பணத்தை அனுப்பிவிட்டார்.

வந்தது ஒரு நுரைப்பஞ்சுக் கட்டை, மேலே பூப்போட்ட உறை. முதல் ராத்திரி கால் மணி நேரத்தில் சறுக்கிக் கீழே வந்துவிட்டாள். இடுப்பில் இருந்த பட்டை அக்குளுக்கு ஏறியிருந்தது. முகவாய் நெஞ்சில் முட்டி, கழுத்து மடிப்பில் பால் தேங்கி, மூச்சு கர்கர் என்று வந்தது. தூக்கி நிமிர்த்தியதும் சத்தம் நின்றுவிட்டது. என் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

மறுநாள் எடை பார்க்கப் போனபோது குழந்தை மருத்துவரிடம் போட்டோவைக் காட்டினேன். "இதை இன்னைக்கே எடுத்துடுங்கம்மா" என்றார். சாய்வில் தலை முன்னால் மடிந்தால் குழந்தையின் மூச்சுக்குழாய் அடைபடும், அதை நிமிர்த்திக்கொள்ள இந்த வயதில் கழுத்துக்கு வலு இல்லை. மட்டமாக மல்லாந்து படுத்தால் புரை ஏறாதா என்று கேட்டேன். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. ஏறி வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும் என்று ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். அமெரிக்காவில் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை விற்கக் கூடாது என்று 2022இலேயே சட்டம் போட்டுவிட்டார்களாம். நான் வாங்கியது முப்பது!

இன்னொன்றும் சொன்னார், அதுதான் அதிகம் வலித்தது. எடை நன்றாக ஏறுகிறது, விரும்பிக் குடிக்கிறாள், இது நோயே இல்லை. வயிற்றின் வாயில் இருக்கும் வால்வு இன்னும் பக்குவப்படவில்லை, அதனால் பால் மேலே வருகிறது. நாலு மாத வாக்கில்தான் உச்சத்துக்குப் போகும், உட்காரப் பழகப் பழகக் குறையும், பெரும்பாலும் ஒரு வயது, ஒன்றரை வயதுக்குள் நின்றுவிடும். அப்போ மருந்தாவது கொடுங்களேன் என்றேன். அமிலத்தைக் குறைக்கும் மருந்து பால் மேலே வருவதை நிறுத்தாது என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன்: 2009இல் 162 குழந்தைகளிடம் லான்சோபிரசோல் என்ற அமிலம் குறைக்கும் மருந்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்; மருந்து குடித்தவர்களிலும் 54 சதவீதம் பேருக்குத்தான் அழுகை குறைந்தது, ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தே இல்லாத போலி மருந்து குடித்தவர்களிலும் அதே 54.

சரி, பணத்தையாவது திரும்பக் கேட்போம் என்று எழுதினேன். "குழந்தை பழக ஏழு நாள் ஆகும் சிஸ்டர்." மருத்துவர் சொன்னதை எழுதினேன். "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க." அப்புறம், "படுக்கை மட்டும் போதாது, எங்க சொட்டு மருந்தும் சேர்த்தாத்தான் பலன்." எப்படி இருக்கிறது பாருங்கள்! மூன்றாம் நாள் 'சிஸ்டர்' போய் 'மேடம்' ஆகிவிட்டேன்: "உறையைப் பிரிச்ச பொருளை சுகாதாரக் காரணத்துக்காக திரும்ப எடுக்க மாட்டோம் மேடம்." பிரிக்காமல் குழந்தையை எப்படிப் படுக்க வைப்பது? அதன் பிறகு நீல டிக் மட்டும். தளத்தில் புகார் கொடுத்தேன். பணம் எங்கள் வழியாகக் கட்டப்படவில்லை, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று பதில். நேற்று மாலை பிளாக். அரை மாதச் சம்பளம், ஒரு நுரைப்பஞ்சுக் கட்டைக்கு.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். தூங்க வைக்க சரிவில்லாத, கெட்டியான மெத்தை, மல்லாந்த நிலை, வேறெதுவும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால், நடுவில் ஏப்பம், குடித்த பிறகு இருபது முப்பது நிமிடம் நிமிர்த்திப் பிடித்திருங்கள். கார் இருக்கையில் உட்கார வைப்பது நிமிர்த்துவது ஆகாது. வயிறு மடங்கி இன்னும் கக்கும். பச்சையாகவோ ரத்தத்தோடோ வாந்தி வந்தால், பீய்ச்சி அடித்தால், எடை ஏறாவிட்டால், பால் குடிக்க மறுத்தால், போனில் தேடாமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

பாதி விலைக்காவது விற்கலாமே என்றார் இவர். இன்னொரு குழந்தையை அதில் கிடத்தவா? கத்தரிக்கோலை எடுத்து உறையையும் பட்டையையும் வெட்டிப் போட்டுவிட்டேன். பிறகு இவர் போனிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே படுக்கை, அதே பூ, அடியில் சிவப்பு எழுத்தில் 'இன்னும் 3 மட்டுமே உள்ளன'.