நாணயமா, புளியங்கொட்டையா? நிகழ்தகவு சொல்லித்தர எது?

செலவு: இரண்டிலும் பெரிதாக ஒன்றுமில்லை. கொட்டையின் ஒரு பக்கத்தை வெள்ளை தெரியும்வரை தரையில் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான்.

விடை: நாணயத்தைச் சுண்டாமலே சொல்லலாம், தலைக்கு 1/2. தேய்த்த கொட்டைக்கு இரு பக்கமும் ஒன்றல்ல. போட்டு எண்ணினால்தான் தெரியும். 100 தடவையில் 62 வெள்ளை என்றால் பட்டறி நிகழ்தகவு 0.62.

நேரம்: கொட்டைக்குப் பொறுமை வேண்டும். 100 தடவை போட்டும் விடை சுமார் 0.10 வரை முன்பின் இருக்கலாம். அதைப் பாதியாக்க 400 தடவை. கடைசிவரை ஒரே கொட்டையையே பயன்படுத்துங்கள். குலுக்கி, ஒரு முழ உயரத்திலிருந்து விடுங்கள். தாழ விட்டால் புரளாமல் வழுக்கிவிடும்.

வழக்கமான தவறு: இரண்டு நாணயம் சுண்டினால் 0, 1, 2 தலை ஒவ்வொன்றுக்கும் 1/3 என்பார்கள் பிள்ளைகள். பூ-தலை, தலை-பூ இரண்டையும் தனித்தனியாக எழுத வையுங்கள். ஒரு தலைக்கு 2/4 என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள், அந்த நிமிடம் அருமையானது.

கூறுவெளியும் (வரக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியல்) பின்னமும் நடத்த நாணயம். மழை வருமா, பஸ் தாமதமாகுமா என்பதற்குச் சரிசம வாய்ப்புகள் கிடையாது; அதைப் புரியவைக்கக் கொட்டைதான்.