ஒரே அறை, மூன்று கணக்கு: டைல்ஸ் எத்தனை வாங்குவது?

அறை 3.7 மீட்டர் நீளம், 3.1 மீட்டர் அகலம். போடப்போவது 60 × 60 செ.மீ. டைல்ஸ். எத்தனை வேண்டும் என்று கேட்டால் 33, 36, 42 என மூன்று விடை வருகிறது. மூன்றிலும் கணக்குப் பிழை கிடையாது.

36 எல்லோரும் போடும் கணக்கு. பரப்பளவு 11.47 சதுர மீட்டர், ஒரு டைல் 0.36 சதுர மீட்டர். வகுத்தால் கிட்டத்தட்ட 32. சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 36. பெட்டிக்கு நான்கு என்றால் ஒன்பது பெட்டி, மீதியே இல்லை. இணையக் கால்குலேட்டர்களும் பெரும்பாலும் இதைத்தான் செய்கின்றன. இரண்டு நிமிட வேலை. ஆனால் இந்தக் கணக்குக்குச் சுவர் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. அறை நீட்டமா சதுரமா, வெட்டு எங்கே விழும் என்பதெல்லாம் அந்தப் பத்து சதவீதத்துக்குள் புதைந்துவிடுகிறது.

இன்னொரு வழி, கட்டம் போட்ட தாளில் அறையை வரைந்து எண்ணுவது. ஒரு மூலையில் ஆரம்பித்தால் நீளத்தில் 6, அகலத்தில் 5, ஆக 30 முழு டைல். இரண்டு சுவரோரமும் 10 செ.மீ. மிச்சம். அதை அடைக்க மூலையையும் சேர்த்து 12 துண்டு. ஒரு டைலில் ஐந்து துண்டு தேறும் (ஆறாவது பிளேடுக்குப் போய்விடும்). எனவே மூன்று டைல் கூட, மொத்தம் 33. உடைசலுக்குத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கைதேர்ந்த டைல்ஸ்காரர் யாரும் சுவரோரம் 10 செ.மீ. ஒல்லித் துண்டு வைக்க மனம் ஒப்பமாட்டார். வரிசையை நகர்த்தி, எதிரெதிர் சுவர்களில் 35 செ.மீ. துண்டு சமமாக வருவதுபோல் நடுவிலிருந்து பரப்புவார். பார்க்க அழகு. ஆனால் 60-இல் 35 போனால் மிஞ்சுவது 25. அது எந்த ஓரத்துக்கும் போதாது. ஒவ்வொரு ஓரத் துண்டுக்கும் ஒரு முழு டைல் பலி. 7 × 6 = 42. பரப்பளவோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 32 சதவீதம் கூடுதல். ஒன்பது பெட்டியோடு வேலையைத் தொடங்கியவர் கடைசி வரிசையில் கையைப் பிசைவது இதனால்தான். மறுபடி வாங்கப்போனால் அதே பேட்ச் (ஒரே தடவையில் தயாரான சரக்கு) கிடைக்குமா, நிறம் ஒத்துப்போகுமா என்பது வேறு தலைவலி.

அந்த 25 செ.மீ. மிச்சத்தைத் தூக்கிப் போட வேண்டாம். வெட்டுப்படும் டைல் 22. ஒவ்வொன்றிலும் தொழிற்சாலை ஓரம் (நாம் வெட்டாத ஓரம்) உள்ள ஒரு 10 செ.மீ. பட்டை எடுத்தால் 13.2 மீட்டர் ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் பட்டை) கிடைக்கும். அறையின் சுற்றளவு 13.6, கதவுக்கு 0.9 கழித்தால் தேவை 12.7 மீட்டர். போதும்! ஸ்கர்ட்டிங்குக்கென்று தனியாக வாங்க வேண்டியதில்லை. சதவீதக் கணக்கில் இது கண்ணிலேயே படாது.

மூன்றாவது வழி மேஸ்திரியின் கண்ணளவு. "ரெண்டு பெட்டி சேர்த்தே வாங்கிருங்க" என்பார். அனுபவத்தில் வரும் சொல், பல நேரம் சரியாகவே இருக்கும். மிஞ்சினால் நஷ்டம் அவருக்கு இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. நான் அவரிடம் எண்ணிக்கை கேட்கமாட்டேன். "எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?" என்றுதான் கேட்பேன். மூலையிலிருந்தா நடுவிலிருந்தா என்று தெரிந்தால் 33-ஆ 42-ஆ என்று நானே எண்ணிக்கொள்வேன். பீரோவும் கட்டிலும் மறைக்கும் சுவர்கள் என்றால் ஒல்லித் துண்டை அந்தப் பக்கம் தள்ளச் சொல்லி 33-க்கே போவேன்.

அதற்காகச் சதவீதக் கணக்கு வீண் என்று சொல்லவில்லை. பசை, க்ரௌட் (டைல் இடுக்கை அடைக்கும் கலவை) போன்றவை ஏறக்குறைய பரப்பளவைப் பொறுத்தவை. அங்கே அதுவே போதும். பெரிய கூடத்தில் ஓரத்தின் பங்கு சிறுத்துவிடுவதால் பிழையும் சிறுக்கும். மூலைவாட்டாகப் பதிப்பதைத் தாளில் எண்ணப் பொறுமை வேண்டும். 15 சதவீதம் போட்டுவிடலாம். பலகை மாதிரி வரும் லேமினேட்டில் ஒரு வரிசையின் மிச்சத்தில் அடுத்த வரிசை தொடங்குவதால் பத்து சதவீதம் பெரும்பாலும் தாங்கும். ஒரு எச்சரிக்கை: "இரண்டுக்கு இரண்டு" என்று விற்கும் டைல் உண்மையில் 60 செ.மீ.தான், முழு இரண்டடி அல்ல. நான்கு சதுர அடி என்று வகுத்தால் சுமார் 3 சதவீதம் சத்தமில்லாமல் குறைந்துவிடும்.

வினைல் ரோலில் (சுருளாக விற்கும் பிளாஸ்டிக் தரைவிரிப்பு) பரப்பளவுக் கணக்கு அடியோடு படுத்துவிடும். நான்கு மீட்டர் அகல ரோலை இந்த அறையின் நீளவாக்கில் விரித்தால் 14.8 சதுர மீட்டர் வாங்க வேண்டும். குறுக்கே திருப்பினால் 12.4. ஓரம் வெட்ட இரண்டிலும் பத்து சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.