மாதச் சிட்டையா, வாராவாரம் தெருக்கடையா?

மதுரையில் பலசரக்கு மொத்தமாக வாங்க வேண்டும் என்றால் கீழமாசி வீதிதான். சம்பளம் வந்ததும் சிட்டை எழுதிக்கொண்டு போய், மாதச் சாமானை ஆட்டோவில் ஏற்றி வருவது எங்கள் வீட்டில் வெகுகாலப் பழக்கம். இப்போது அதை நிறுத்திவிட்டு, தெருமுனை அண்ணாச்சி கடையில் வாராவாரம் வாங்குகிறோம். இரண்டையும் செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நாலு பேர் உள்ள வீட்டுக்கு வாரக் கணக்குதான் தோது.

விலைப் பேச்சை முதலில் முடித்துவிடலாம். மொத்தக் கடையில் கிலோவுக்குச் சில ரூபாய் குறையும், ஆட்டோக் கூலி போகவும் கொஞ்சம் மிஞ்சும். சூப்பர் மார்க்கெட் என்றால் எங்களுக்கு அதுவும் மிஞ்சுவதில்லை, சிட்டையில் இல்லாத பிஸ்கட்டும் நூடுல்ஸும் கூடையில் ஏறிவிடும். துவரம்பருப்பில் மிச்சம் பிடிக்க ரேஷன் கடையே இருக்கிறது, கிலோ 30 ரூபாய்.

எனக்கு முடிவைச் சொன்னது விலை இல்லை, வாங்கியதைக் கெடாமல் காப்பாற்றும் வேலை. பச்சைப்பயறையே எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதே சில மணிகளின் மேல் வெள்ளையாகப் பொட்டு ஒட்டியிருக்கும். தூசி என்று நினைப்போம், அது வண்டு இட்ட முட்டை. அதிலிருந்து வரும் புழு நேராகப் பயறுக்குள் துளைத்துப் போய், உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி, வட்ட ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். நம் ஊர் வெக்கைக்கு இதற்குச் சுமார் ஒரு மாதம் போதும். காட்டிலோ குடோனிலோ ஏறிய முட்டை என்பதால், அடிக்கடி திறந்து எடுக்கும் வீட்டு டப்பாவை இறுக்கி மூடினாலும் பெரிதாகப் பயனில்லை. மாதச் சாமானில் கடைசி வாரத்துப் பயறு பொடியும் ஓட்டையுமாக இருப்பது இதனால்தான். வாரத்துக்கு அரைக்கிலோ வாங்கினால் வண்டு வெளியே வருவதற்குள் சுண்டல் முடிந்துவிடும்.

அதுபோகட்டும் என்றால், ரவையை வறுத்து வைக்க வேண்டும், உளுந்தை மொட்டை மாடியில் காயவைக்க வேண்டும், பருப்பில் காய்ந்த மிளகாய், அரிசியில் வேப்பிலை, அப்புறம் சொளகை எடுத்துப் புடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காயவைக்க வெயிலும் இருக்காது. இத்தனையும் பெரும்பாலான வீடுகளில் பெண்கள் தலையில்தான் விழுகிறது. மொத்தமாக வாங்கி மிச்சம் பிடித்தோம் என்று சொல்பவர்கள் இந்த உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, அது எனக்கு நிஜமாகவே வருத்தம். செக்கு எண்ணெயிலும் இதே கதை. பெரிய டின்னை உடைத்துத் திறந்து திறந்து மூடினால், அடியில் இருப்பது காறல் அடிக்கத் தொடங்கும். லிட்டர் கணக்கில் வாங்கினால் அந்தக் கவலை இல்லை.

தெருக்கடையில் 50 கிராம் மிளகும் கேட்கலாம், 100 கிராம் சீரகமும் கேட்கலாம். "அக்கா, இந்த உளுந்து வேண்டாம், நாளைக்குப் புதுச் சரக்கு வருது" என்று கடைக்காரத் தம்பியே தடுப்பார். தினம் பார்க்கும் முகம் என்பதால் வரும் அக்கறை அது.

அதற்காக எல்லாவற்றையும் சில்லறையாக வாங்கச் சொல்லவில்லை. அரிசி பழசாக ஆகத்தான் சோறு உதிரியாக வரும், மூட்டையாகவே வாங்குகிறோம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பேக் செய்து விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதைத் தாண்டினால் கிடையாது. கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது அதனால்தான். வீட்டில் இடம் இருந்தால் அதையே கேளுங்கள். புளியும் அப்படித்தான். புதுப்புளி வரும் மாசி, பங்குனியில் வாங்கி, கொட்டை எடுத்து, கல் உப்புப் போட்டு ஜாடியில் அமுக்கினால் வருஷம் தாங்கும்.

பத்துப் பேர் சாப்பிடும் கூட்டுக்குடும்பம், மெஸ் என்றால் சாமான் வேகமாகத் தீரும், வண்டுக்கு நேரமே கிடைக்காது. அங்கே மாதச் சிட்டை நன்றாகவே ஒத்துவரலாம், நான் நடத்திப் பார்த்ததில்லை. பத்து நிமிடத்தில் கொண்டுவரும் ஆப்களில் அவசரத்துக்குத் தயிர், பால் வாங்கியதோடு சரி. பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்காமல் வாங்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.