டர்போ வண்டிக்குப் பிளக் வாங்கப் போறீங்களா? எனக்கு 2,850 ரூபாய் போச்சு

கையில் இன்னும் பெட்ரோல் வாடை போகவில்லை, அதோடுதான் எழுதுகிறேன். கும்பகோணம் பக்கம் வீட்டிலேயே ஸ்பார்க் பிளக் மாற்றுகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என்னுடையது மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல். மூன்று இரிடியம் பிளக், 2,850 ரூபாய். ஊரில் நாள்பட்ட உதிரிபாகக் கடை, பெயர் வேண்டாம். "பில்லு போட்டா வரி சேரும் தம்பி, நம்ம கடைதானே" என்று துண்டுச்சீட்டில் பென்சிலால் தொகையை எழுதித் தந்தார். கேப், அதாவது பிளக் நுனியில் பொறி தாண்டுகிற இடைவெளி, அளக்கணுமா என்று கேட்டேன். "இரிடியம் நுனி ஊசி மாதிரி. கேஜ விட்டா உடைஞ்சிரும். கம்பெனியிலேயே வச்சுதான் வருது."

அதில் பாதி உண்மை: நுனி மென்மைதான், ஆனால் கேப்பைப் பார்க்கவே வேண்டாம் என்பது சரியில்லை. அந்தப் பாதியில்தான் விழுந்தேன். வீட்டில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) கையில் எடுத்து, திரும்பப் பெட்டியிலேயே வைத்தேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மாட்டியதில் குறையில்லை. இஞ்சின் ஆறிய பிறகு பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றி, குழிக்குள் காற்றடித்து, மரையைக் கையாலேயே ஏற்றி, அப்புறம்தான் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்குகிற டார்க் ரெஞ்ச். ஐடிலில் சத்தமே இல்லை.

மறுநாள் அம்மாவோடு மயிலாடுதுறைக்குக் கிளம்பினேன். ஆடுதுறை தாண்டி ஒரு நெல் லாரியை முந்த மிதித்ததும் வண்டி குலுங்கியது, இஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அப்படி எரியும்போது ஓட்டினால் எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே கெடுத்துவிடும். ஓரங்கட்டினேன். வந்த மெக்கானிக் அளந்தார்: ஒன்று 0.9, ஒன்று 1.1. என் வண்டிக்கு 0.8 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. "டர்போ காத்த அமுக்கித் தள்ளுதுல்ல, இவ்ளோ கேப்ல பொறி எப்படித் தாண்டும்ணே?" என்றார். பெட்ரோல் துணியால் துடைத்தார். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் இருந்த கம்பெனி பெயர் துணியோடு வந்துவிட்டது! போலிச் சரக்கு. டிக்கியில் பழைய பிளக் கிடந்ததால் வீடு வந்தோம்.

கடைக்குப் போனால், "நீங்களா மாட்டுனா நாங்க என்ன பண்றது?" இரண்டாம் முறை, "ஓனர் திருநள்ளாறு போயிருக்காரு." மூன்றாம் முறை, "இது எங்க கடைப் பொருளே இல்ல." நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கலாம் என்றால் கையில் இருப்பது பென்சில் சீட்டு. 2,850 ரூபாய்க்கு ஒரு பென்சில் சீட்டு!

சரி, விவரமாக எழுதப் பொறுமையில்லை. பில் இல்லாமல் வாங்காதீர்கள். இரிடியம் என்றால் நடுக்கம்பி மெல்லிசாக இருக்கணும், தடியாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். நுனியில் படாமல் கேப்பைப் பாருங்கள். பழைய பிளக்கைத் தூக்கிப் போடாதீர்கள்.

திங்கட்கிழமை மறுபடி போகிறேன், அந்தத் துணியையும் எடுத்துக்கொண்டு.