தைராய்டு என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். தொண்டைக்குள் யாரும் பார்க்கவில்லை

தொண்டை கட்டிக்கொண்டு நான்கு வாரத்துக்கு மேலாகியும் குரல் திரும்பவில்லை என்றால், தொண்டைக்குள் அதிர்ந்து குரலை எழுப்பும் குரல்நாணை ஒரு மருத்துவர் நேரில் பார்க்காத வரை, “இது தைராய்டுதான், நாங்கள் சரிசெய்கிறோம்” என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். அந்த ஒரு பரிசோதனை நடக்காமல் எனக்கு மாதக்கணக்கில் காலம் வீணானது. 38,500 ரூபாயும் போனது. தைராய்டைச் சரிசெய்வதாகச் சொல்லி என்னிடம் பணம் வாங்கிய மையம் இன்றும் விளம்பரம் செய்துகொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

நான் கும்பகோணம் பக்கம் தட்டச்சு, சுருக்கெழுத்துப் பயிலகம் நடத்துகிறேன். வயது 47. சுருக்கெழுத்து வகுப்பில் ஆசிரியரின் குரல்தான் எல்லாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, சீனியர் நிலைக்கு நிமிடத்துக்கு 120 சொல் என்ற கணக்கில், வேகம் கூடாமல் குறையாமல் படிக்க வேண்டும். நடுவே இருமினால் மாணவரின் பென்சில் தடுமாறிவிடும். ஆகஸ்ட் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்துகொண்டிருந்த நேரத்தில் சளியும் இருமலும் வந்தன. அவை போய்விட்டன, குரல் மட்டும் திரும்பவில்லை. காலையில் முதல் பத்தி வரை தாக்குப்பிடிக்கும், பிறகு வெறும் காற்றுதான் வரும். தண்ணீர் குடித்தால் புரையேறியது. போனில் பேசினால் மூச்சு வாங்கியது.

எங்கள் குடும்ப மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதினார். களைப்பும் மலச்சிக்கலும் இருப்பதாக நான் சொன்னதால் தைராய்டையும் சேர்த்துப் பார்த்தார். தைராய்டு குறைவாகச் சுரக்கும்போது ஏறும் டி.எஸ்.எச். என்ற இரத்த அளவு 11.4 இருந்தது, ஏறக்குறைய 4 வரைதான் இருக்க வேண்டும். தைராய்டு சுரப்புக்கு ஈடாகத் தரும் லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்கி, “குரல் இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்” என்று சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அந்த இரண்டு வாரத்துக்குள்தான் அந்த மையத்தின் துண்டுப் பிரசுரம் வீட்டுக்கு வந்தது. “தைராய்டுக்கு வாழ்நாள் மாத்திரை வேண்டாம். கழலை கரையும், குரல் தெளியும்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கழலை என்பது தைராய்டு வீங்கிக் கழுத்து புடைப்பது. குரல் போனவர் கண்ணில் அந்தக் கடைசி இரண்டு சொல் எப்படிப் படும் என்பது எழுதியவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பெரியம்மா மகள் என்னை அழைத்துக்கொண்டு போனாள்.

உள்ளே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேறு ஊரில் வேறு பெயரில் இதே ஏற்பாட்டைப் பார்த்தால் நீங்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர். மேசையில் மருத்துவர் என்ற பலகை இல்லை, ‘ஆலோசகர்’ என்றுதான் இருந்தது. ஒயர் பொருத்திய ஒரு பித்தளைத் தண்டைக் கையில் கொடுத்து இறுகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு நிமிடம் கழித்துக் கணினி பக்கம் பக்கமாக அச்சடித்தது. கல்லீரல், கணையம், எலும்பு, கண், மூளை என்று எல்லாவற்றுக்கும் எண், எல்லாவற்றுக்கும் சிவப்பு அம்புக்குறி. ஊசி இல்லை, இரத்தம் இல்லை. உள்ளங்கை ஈரத்தைத் தவிர அந்தக் கருவியைத் தொட்டது எதுவும் இல்லை. ஒரு உலோகத் தண்டைப் பிடிப்பதால் யாருடைய தைராய்டையும் அளக்க முடியாது. அவர் என் கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லவும் இல்லை.

“தைராய்டு வீங்கிக் குரலை அழுத்துகிறது அம்மா. அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள், அதுதான் சுரப்பியைச் சோம்பேறியாக்குகிறது” என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு பேக்கேஜ்: இரண்டு பொடி, கடற்பாசிக் குளிகை, ‘முடி, நகம் வளர’ என்று இன்னொரு குளிகை. பணம் கட்டிய பிறகு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். டப்பாவைத் திறந்துவிட்டால் பணம் திரும்பாது என்ற வரி அதன் அடியில் இருந்தது.

சித்த மருத்துவத்தை நான் குறைசொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பதிவுபெற்ற சித்த மருத்துவர் யாருமே இல்லை. நம் அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவுகள் இருக்கின்றன. படித்தவர்கள் நாடி பார்த்து, சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள். இந்த மையம் விற்றதோ மருந்துகூட இல்லை. டப்பாவில் இருந்தது உணவுப் பொருளுக்கான உரிம எண். உணவுத் துணைப்பொருள் என்று உரிமம் வாங்கிக்கொண்டு நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய இந்தியச் சட்டத்தில் அனுமதி கிடையாது.

மாத்திரையை நிறுத்திய புதிதில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. லெவோதைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். விளைவு மெதுவாகத்தான் தலைகாட்டும். “நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை” என்று பலர் சொல்வது அந்த இடைவெளியில்தான். போகப்போக முகம் உப்பியது, வெயிலிலும் கால் சில்லிட்டது, எழுந்து நிற்கவே அலுப்பாக இருந்தது. குரல் இன்னும் மோசமானது. மையத்துக்குப் போன் செய்தால் “கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி” என்றார்கள்.

பிறகு அவர்களே சொன்ன ஆய்வகத்தில் இரத்தம் எடுத்தார்கள். டி.எஸ்.எச். 0.8 என்று வந்தது. மாத்திரை இல்லாமல் 11.4-இலிருந்து 0.8! அந்தத் தாளை என் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். நான் காற்றோடு பேசிக்கொண்டிருந்ததை அங்கே ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அடுத்த மூன்று மாதப் பேக்கேஜுக்குப் பணம் கேட்டார்கள்.

அந்த எண்ணுக்கும் என் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை என்பது உறைத்ததும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனேன். கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டியிருந்தது. பரிசோதனைக்கு ஆன நேரமோ சில நிமிடங்கள்தான். மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, ஒல்லியான ஒரு வளையும் குழாயை உள்ளே விட்டார் இளம் மருத்துவர். “ஈ... என்று சொல்லுங்கள் அம்மா” என்றார். பக்கத்துத் திரையில் என் குரல்நாண்களைப் பார்த்தேன். வெளிர் நிறத்தில் இரண்டு பட்டைகள். வலது பட்டை நடுவுக்கு ஓடி வந்தது. இடது பட்டை இருந்த இடத்திலேயே கிடந்தது. இரண்டுக்கும் நடுவே மூடாத இடைவெளி. என் மூச்செல்லாம் வீணாகப் போய்க்கொண்டிருந்த வழி அதுதான், தண்ணீர் புரையேறியதும் அதனால்தான். இதைப் பார்க்க மூன்று மாதப் பொடி தேவைப்படவில்லை.

இடது குரல்நாணை இயக்கும் நரம்பு மூளையிலிருந்து நேராகக் குரல்வளைக்கு வருவதில்லை. கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயான பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் சுற்றிக்கொண்டு, தைராய்டின் பின்புறமாக மேலே ஏறி வருகிறது. அதனால்தான் தைராய்டுப் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய், உணவுக்குழாய்க் கட்டி, பெருந்தமனி வீக்கம் ஆகிய எதுவும் முதலில் குரலில் தெரியலாம். தைராய்டு அறுவை சிகிச்சையில் அந்த நரம்பு காயப்பட்டாலும் குரல் போகும். தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்தால் குரல்நாண்கள் உப்பிக் குரல் கரகரத்துத் தடிப்பதும் உண்மைதான்; அப்போது மாத்திரையே குரலைத் திருப்பித் தரும். தைராய்டுக்கும் குரலுக்கும் உறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த மையம் வியாபாரம் செய்வது இந்தப் பாதி உண்மையை வைத்துத்தான். எந்த உறவு என்று கண்டுபிடிக்க வேண்டியவர் உள்ளே பார்த்தாக வேண்டும். 45 வயதைத் தாண்டியவருக்குக் காரணம் தெரியாமல் குரல் கம்மினால் பிரிட்டனில் புற்றுநோய்ச் சந்தேகம் என்ற பேரில் அவசரமாக அனுப்பிப் பரிசோதிக்கிறார்கள். நான்கு வாரத்தில் சரியாகாத கரகரப்புக்குக் குரல்வளையைப் பார்த்தாக வேண்டும் என்பது அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2018 வழிகாட்டி.

எனக்குக் கழுத்திலும் நெஞ்சிலும் சி.டி. ஸ்கேன், தைராய்டுக்கு அல்ட்ராசவுண்டு எடுத்தார்கள். தைராய்டில் ஒரு சிறு முடிச்சு. ஆபத்தில்லாத வகை, அவ்வப்போது பார்த்தால் போதும் என்றார்கள். நெஞ்சு சுத்தம். நரம்பு ஏன் செயலிழந்தது என்பதற்குத் திட்டவட்டமான காரணம் கிடைக்கவில்லை. அந்தச் சளிக் காய்ச்சலின் வைரஸ் தாக்கியிருக்கலாம் என்றார்கள். சிலருக்கு இப்படித்தான் காரணம் தெரியாமலே நேர்கிறதாம், ஓராண்டுக்குள் பலருக்குத் தானாகத் தேறுவதும் உண்டாம். காரணம் தெரியவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன அந்த மருத்துவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

இனி அந்த 0.8. பொது மருத்துவப் பிரிவில் இருந்த மருத்துவர், சாப்பிடும் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி, டப்பா டப்பாவாக எடுத்து லேபிளைப் படித்தார். முடிக்கான குளிகையில் பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் 10,000 மைக்ரோகிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 30, 40 மைக்ரோகிராம்தான். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டின் ஒரு புரதத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மையை வைத்தே டி.எஸ்.எச். அளவைக் கணக்கிடுகின்றன. இரத்தத்தில் பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால் அந்தக் கணக்கு கெட்டுப்போய், டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும் தைராய்டு சுரப்பு கூடுதலாகவும் தாளில் வரும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பயோட்டினைப் பற்றி 2017-இல் எச்சரித்து, 2019-இல் மறுபடியும் எச்சரித்தது. அந்தக் குளிகையை நிறுத்திச் சில நாள் கழித்து வேறு ஆய்வகத்தில் பார்த்தபோது என் டி.எஸ்.எச். 26. கடற்பாசிக் குளிகையையும் அவர் நிறுத்தச் சொன்னார். நம் சமையல் உப்பிலேயே அயோடின் சேர்க்கிறார்கள். அதற்கு மேல் அளவு தெரியாத அயோடின் பழுதான தைராய்டை மேலும் கெடுக்கலாம்.

அந்த மையத்துக்குப் பயோட்டினின் இந்தக் குணம் தெரிந்திருந்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் குளிகையை விற்பதும் அவர்கள், ஆய்வகத்தைச் சொல்வதும் அவர்கள், தாளோடு படம் எடுத்து விளம்பரத்தில் போடுவதும் அவர்கள். அங்கே போய் ‘தைராய்டு நார்மல்’ என்று தாள் வாங்கியவர்கள் அனைவரும் அந்தக் குளிகையை நிறுத்திவிட்டு வேறு இடத்தில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு நாள் இடைவெளி வேண்டும். இந்த அளவு சாப்பிட்டவர்கள் எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேட்டு, பயோட்டின் சாப்பிட்டதை ஆய்வகத்திலும் சொல்லுங்கள். முக்கியமாக, கர்ப்பிணிகள் யாராவது அங்கே மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு சுரப்பு தேவை.

இப்போது மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு அரை மணி கழித்துக் காபி குடிக்கிறேன். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. முகவீக்கம் வடிந்துவிட்டது. பேச்சுப் பயிற்சியாளர் மூச்சைச் சேமித்துச் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசப் பழக்குகிறார். தண்ணீர் குடிக்கும்போது மோவாயைத் தாழ்த்திக்கொள்ளச் சொன்னார், புரையேறுவது குறைந்தது. குசுகுசுவென்று பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைத்திருந்தேன். வேண்டாம் என்று தடுத்துவிட்டார். வகுப்பில் இடுப்பில் மாட்டும் சிறு ஒலிபெருக்கி வைத்திருக்கிறேன். 120 வேகப் பத்திகளை என் பழைய மாணவி பதிவுசெய்து தருகிறாள். குரல் போதுமான அளவு தேறாவிட்டால், அசையாத நாணை நடுப்பக்கம் தள்ளிவைக்க ஊசியும் அறுவை சிகிச்சையும் இருக்கின்றன என்று சொல்லியிருக்கிறார்கள். மார்க்கெட்டில் நான் பேச வாயெடுப்பதற்குள் பக்கத்தில் நிற்பவர் என் வாக்கியத்தை முடித்துவிடுவதுதான் இன்றும் மனத்தை வருத்துகிறது. தயவுசெய்து குரல் இல்லாதவர்களுக்கு இரண்டு நொடி கூடுதலாகக் கொடுங்கள்.

மையம் பணத்தைத் தர மறுத்துவிட்டது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்து, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். சில நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் கழுத்துக் கழலையும் இருக்கிறது. “கழலை கரையும்” என்ற அந்தத் துண்டுப் பிரசுரத்தை மனுவோடு இணைத்திருக்கிறேன். டப்பா லேபிள்களின் படத்தோடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் தனியாக எழுதினேன்.

இதுபோன்ற மையத்தில் பணம் கட்டியவர்கள் பில், கையெழுத்துப் போட்ட தாள், அந்தப் பல பக்க அச்சு, காலி டப்பா எதையும் எறிந்துவிடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுதான் கெடு.